பலாலி – திருச்சி: வானத்தில் எவ்வளவு தூரம், வாசலிலிருந்து எவ்வளவு நேரம்

தம்பி, உங்கள் கேள்வியை இன்னொருவர் வாசித்தாலும் விளங்கும்படி முதலில் சுருக்கமாகத் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் வன்னியில், மாங்குளத்தில் இருக்கிறீர்கள். திருச்சி கொட்டப்பட்டு அகதி முகாமில் இருக்கும் பெரியம்மாவைப் பார்க்க அம்மாவை அழைத்துச் செல்ல வேண்டும். யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையத்திலிருந்து திருச்சிக்கு வான்வழித் தூரம் எவ்வளவு என்று தேடியபோது ஓரிடத்தில் 99 என்றும், இன்னோரிடத்தில் 114 என்றும், மூன்றாவது இடத்தில் 184 என்றும் கண்டிருக்கிறீர்கள். பயண நேரம் 44 நிமிடம் என்று ஒரு கணிப்பு சொல்ல, விமானச்சீட்டோ ஒரு மணித்தியாலம் என்று சொல்கிறது. எதை நம்புவது, பலாலியால் போவதா, கொழும்புக்கு அருகிலுள்ள கட்டுநாயக்கா விமான நிலையத்தால் போவதா என்பது உங்கள் கேள்வி. நான் பல ஆண்டுகள் நில அளவைத் தொழிலில் இருந்தவன். தூரம் என்ற சொல்லைக் கேட்டால் அதை முழுதாகப் பிரித்துப் பார்க்காமல் விட எனக்கு மனம் வராது. ஆகவே பதில் சற்று நீளும்.

நீங்கள் கண்ட மூன்று எண்களும் சரியானவையே. மூன்றும் ஒரே தூரத்தைத்தான் சொல்கின்றன, அலகுகள்தான் வேறு. 184 என்பது கிலோமீற்றர், 114 என்பது மைல், 99 என்பது கடல்மைல். ஒரு கடல்மைல் 1.852 கிலோமீற்றருக்குச் சமம். கப்பலோட்டிகளிடமிருந்து விமானிகளுக்கு வந்த அலகு அது. இன்றும் வான்வழி வரைபடங்களில் தூரம் கடல்மைலிலும் வேகம் மணிக்கு இத்தனை கடல்மைல் என்றும்தான் குறிக்கப்படும். எண்ணுக்குப் பக்கத்தில் அலகைப் போடாமல் விடும் பக்கங்களைப் பார்த்து, 99 கிலோமீற்றர்தானே, கிளிநொச்சியிலிருந்து வவுனியாவுக்குப் போவதைவிடக் கொஞ்சம்தானே கூட என்று நினைத்தவர்களை நான் கண்டிருக்கிறேன்.

இந்த 184 எங்கிருந்து வருகிறது என்பதை ஒரு கொப்பித்தாளில் நீங்களே போட்டுப் பார்க்கலாம். திருச்சிராப்பள்ளி விமான நிலையம் வடக்கு அகலாங்கு 10.765 பாகையிலும் கிழக்கு நெட்டாங்கு 78.710 பாகையிலும் இருக்கிறது. பலாலி விமான நிலையம் வடக்கு 9.792, கிழக்கு 80.070. ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் தெற்கு வடக்காக 0.973 பாகையும் கிழக்கு மேற்காக 1.360 பாகையும் வித்தியாசம் வரும். எங்கள் பகுதியில் அகலாங்கு ஒரு பாகை ஏறக்குறைய 110.6 கிலோமீற்றர், நெட்டாங்குக் கோடுகள் துருவத்தை நோக்கிப் போகப்போக நெருங்குவதால், இந்த அகலாங்கில் நெட்டாங்கு ஒரு பாகை 109.5 கிலோமீற்றர் அளவுக்குச் சுருங்கிவிடும். பெருக்கிப் பார்த்தால் தெற்கு நோக்கி 107.6 கிலோமீற்றரும் கிழக்கு நோக்கி 148.9 கிலோமீற்றரும் கிடைக்கும். இனி, செங்கோண முக்கோணத்தின் கர்ணத்தைக் காணப் பள்ளிக்கூடத்தில் படித்த அதே முறைதான். இரண்டையும் வர்க்கித்துக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 183.7 வரும். பூமியின் வளைவு இவ்வளவு குறுகிய தூரத்தில் விடையை மாற்றுவதில்லை. பூமியை முழு உருண்டையாகக் கொள்வதா, துருவங்களில் சற்றுத் தட்டையானதாகக் கொள்வதா, விமான நிலையத்தின் எந்தப் புள்ளியிலிருந்து அளப்பது என்பவற்றைப் பொறுத்து 183, 184, 185 என்று சிறு வேறுபாடு வரலாம். அதை யாரும் பிழை என்று சொல்லத் தேவையில்லை.

வரைபடத்தில் இந்த இரு புள்ளிகளையும் அடிமட்டத்தால் இணைத்துப் பாருங்கள். கோடு திருச்சியிலிருந்து தென்கிழக்காகப் புறப்பட்டு, பட்டுக்கோட்டைக்குச் சற்றுத் தெற்கால் போய், அதிராம்பட்டினத்துக்கும் மல்லிப்பட்டினத்துக்கும் இடையில் கரையைக் கடக்கும். பாதித் தூரம் நிலம், மீதிப் பாதி பாக்கு நீரிணை. கடலுக்கு மேலாக இருப்பது ஏறக்குறைய 100 கிலோமீற்றர்தான். விமானம் இந்தக் கோட்டின் மேல் அப்படியே ஊர்ந்து போவதில்லை. வான்வழிப் பாதைகளும் குறித்த சந்திப் புள்ளிகளும் உண்டு. சென்னைக் கட்டுப்பாட்டிலிருந்து கொழும்புக் கட்டுப்பாட்டுக்கு விமானத்தைக் கடலின் நடுவில் கைமாற்றிக் கொடுப்பார்கள். ஏறும்போதும் இறங்கும்போதும் ஓடுபாதையின் நேருக்குத் திரும்ப வேண்டும். ஆகவே உண்மையில் பறக்கும் தூரம் 184 கிலோமீற்றரைவிட எப்போதும் கூடவே இருக்கும்.

இனி அந்த 44 நிமிடத்துக்கு வருகிறேன், ஏனெனில் பலரும் ஏமாறுவது இங்கேதான். தூரத்தைக் கொடுத்தவுடன் நேரத்தைச் சொல்லும் கணிப்புகளில் பல ஒரு பொதுச் சூத்திரத்தையே பயன்படுத்துகின்றன. விமானம் மணிக்கு 500 மைல், அதாவது ஏறக்குறைய 805 கிலோமீற்றர் வேகத்தில் போகும் என்று வைத்துக்கொண்டு, தூரத்தை அதனால் வகுத்து, ஏறி இறங்குவதற்கு 30 நிமிடத்தைச் சேர்த்துவிடுவார்கள். 184 ஐ 805 ஆல் வகுத்தால் 14 நிமிடம். 30 ஐச் சேர்த்தால் 44. கணக்கில் பிழையில்லை. ஆனால் அந்த வேகம் ஜெட் விமானத்தின் வேகம். திருச்சிக்கும் பலாலிக்கும் இடையே 2025 மார்ச் 30 அன்று தொடங்கிய சேவையில் இன்டிகோ நிறுவனம் ஓட்டுவது ஏ.ரி.ஆர். 72 வகை விமானம். அது காற்றாடி பூட்டிய டேர்போபுரொப்; அதன் பறப்பு வேகம் மணிக்கு ஏறக்குறைய 500 கிலோமீற்றர். இந்த வேகத்தில் 184 கிலோமீற்றரைக் கடக்க 22 நிமிடம் வேண்டும். அதுவும் முழு வேகத்தில் முழுத் தூரமும் போனால்தான். இந்த வழியில் அப்படிப் போக இடமே இல்லை. பத்துப் பதினைந்து நிமிடம் ஏற்றம், அதேயளவு நேரம் இறக்கம் என்று போனால், நடுவில் சமமாகப் பறப்பதற்கு மிஞ்சுவது மிகச் சில நிமிடங்களே. ஏறும்போதும் இறங்கும்போதும் வேகம் குறைவு. ஆகவே சக்கரம் தரையை விட்டதிலிருந்து மீண்டும் தொடும் வரை முப்பத்தைந்து, நாற்பது நிமிடம் ஆவது இயல்பே.

விமானச்சீட்டில் இருக்கும் ஒரு மணித்தியாலம் இதையும் தாண்டியது. அட்டவணையில் புறப்படும் நேரம் என்பது விமானம் மேலெழும் நேரமன்று. கதவைச் சாத்தி, தரிப்பிடத்தைவிட்டு நகரத் தொடங்கும் நேரம். சேரும் நேரம் என்பது மறுபக்கத்தில் தரிப்பிடத்துக்கு வந்து நிற்கும் நேரம். தொழிலில் இருப்பவர்கள் இதைப் பிளொக் நேரம் என்பார்கள். ஓடுபாதையின் முனைவரை உருண்டு போவது, முன்னால் நிற்கும் விமானத்துக்காகக் காத்திருப்பது, இறங்கியபின் உருண்டு வருவது எல்லாவற்றையும் கூட்டி, சிறு தாமதத்தைத் தாங்குவதற்கு இன்னும் சில நிமிடங்களையும் வைத்துத்தான் அட்டவணை போடுவார்கள். சென்னை – பலாலி வழியிலும் இதே கதைதான். தூரம் 354 கிலோமீற்றர், அதாவது 191 கடல்மைல். பொதுச் சூத்திரம் 56 நிமிடம் என்று சொல்லும். அட்டவணையோ ஒன்றேகால் மணித்தியாலம், சில வேளை அதற்கும் சற்றுக் கூட என்று சொல்லும். திருச்சித் தூரத்தைப்போல் ஏறக்குறைய இருமடங்கு தூரம் போயும் நேரம் இருபது நிமிடம்வரைதான் கூடுகிறது என்பதைக் கவனியுங்கள். குறுகிய வழிகளில் நேரத்தைத் தின்பது தூரமன்று; ஏறுவதும் இறங்குவதும் உருள்வதும்தான்.

காற்று எதிர்த்தால் என்ன ஆகும் என்றும் கேட்டிருந்தீர்கள். மணிக்கு 20 கடல்மைல் வேகமுள்ள காற்று நேராக எதிர்த்து வீசினாலும், 270 கடல்மைல் வேகத்தில் போகும் விமானம் 250 ஆகக் குறையும். 99 கடல்மைலைக் கடக்க 22 நிமிடத்துக்குப் பதிலாக 24 நிமிடம் ஆகும். இரண்டு நிமிடம். அதற்காகக் கவலைப்பட வேண்டாம். காற்று உண்மையாகவே வேலை செய்வது ஓடுபாதையில். பலாலி ஓடுபாதையின் எண்கள் 05 உம் 23 உம். காந்த வடக்கிலிருந்து ஒரு பக்கம் 50 பாகையையும் மறுபக்கம் 230 பாகையையும் நோக்கியிருக்கிறது என்பது அதன் பொருள். வடகிழக்கும் தென்மேற்கும். எங்கள் வாடையும் சோளகமும் வீசும் திசைகள் இவைதாம் என்பது கடற்கரையில் பிறந்தவர்களுக்குச் சொல்லாமலே விளங்கும். விமானம் காற்றை எதிர்த்துத்தான் இறங்க வேண்டும். ஆகையால் சோளக காலத்தில் கடற்பக்கமாகச் சுற்றி வந்து தென்மேற்கை நோக்கியும், வாடைக் காலத்தில் உள்நிலப் பக்கமாக வந்து வடகிழக்கை நோக்கியும் இறங்குவது வழமை. திருச்சியிலிருந்து வரும் விமானம் வடமேற்கிலிருந்து வருவதால் ஓடுபாதைக்கு ஏறக்குறையச் செங்குத்தாகவே வந்து சேருகிறது; எந்த முனையில் இறங்கினாலும் ஒரு திருப்பம் தவிர்க்க முடியாதது. சோளகத்தில் யன்னலோரம் இருப்பவர்கள் வெகுநேரம் கடலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, இறக்கை சாய்ந்து நிமிர்ந்ததும் வெள்ளை மணலும் பனங்கூடலும் செம்மண் தோட்டமும் ஒன்றன்பின் ஒன்றாக அண்மிப்பதைக் காண்பார்கள். அந்த ஒரு காட்சிக்காகவே அம்மாவை யன்னலோரம் இருத்துங்கள்.

மாரி மழை வேறு விடயம். ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் முகில் தாழ இறங்கி ஓடுபாதை கண்ணுக்குத் தெரியாவிட்டால் விமானம் வானில் வட்டமிட்டுக் காத்திருக்கும். மழை விடாவிட்டால் புறப்பட்ட இடத்துக்கே திரும்பும். அந்த மாதங்களில் போகிறவர் திரும்பி வரும் நாளைக்கு மறுநாள் ஊரில் கட்டாய அலுவல் ஏதும் வைக்காதிருப்பது நல்லது.

இப்போது பெரிய கேள்வி: பலாலியா, கட்டுநாயக்காவா? கட்டுநாயக்காவிலிருந்து திருச்சிக்கு நேர்கோட்டுத் தூரம் 417 கிலோமீற்றர். பலாலியிலிருந்து இருப்பதைவிட 233 கிலோமீற்றர் அதிகம். ஆனால் அங்கிருந்து போவது ஜெட் விமானம் என்பதால், அந்தப் பயணத்துக்கும் அட்டவணையில் ஏறக்குறைய ஒரு மணித்தியாலமே போடப்படுகிறது. தூரம் இரண்டு மடங்குக்கும் மேல். நேரம் ஏறக்குறைய ஒன்றுதான். ஆகவே வானத்தைப் பார்த்து இந்தக் கேள்வியைத் தீர்க்க முடியாது. தீர்ப்புச் சொல்வது வன்னியூடாக யாழ்ப்பாணத்துக்குப் போகும் ஏ9 வீதி.

மாங்குளத்துக்கு இந்தக் கணக்கில் ஒரு தனிச் சிறப்பு உண்டு. நேர்கோட்டில் அளந்தால், மாங்குளத்திலிருந்து கொழும்பு நகரம் ஏறக்குறைய 252 கிலோமீற்றர். திருச்சி ஏறக்குறைய 263. இரண்டும் கிட்டத்தட்டச் சமம். உங்கள் ஊர் தராசின் நடுமுள் போல நிற்கிறது. அங்கிருந்து வடக்கே போகப்போகத் திருச்சிதான் கிட்ட. கிளிநொச்சியிலிருந்து கொழும்பு 279 கிலோமீற்றர், திருச்சி 239. தெற்கே போனால் நிலைமை மாறும்: வவுனியாவிலிருந்து கொழும்பு 214, திருச்சி 297. திருச்சி வேறு நாடு, கொழும்பு எங்கள் தலைநகர் என்று பழகிப்போன எங்கள் மனம் இதை இலகுவில் நம்பாது. நானே முதன்முதலில் இதைக் கணக்கிட்டபோது எண்களை மறுபடியும் சரிபார்த்தேன். பலாலியிலிருந்து ஒரு வான்வழி திறந்திருப்பது வன்னிக்கு எவ்வளவு பெரிய விடயம் என்பதை இந்த எண்கள்தாம் எனக்கு உணர்த்தின.

வீதியைப் பார்ப்போம். மாங்குளத்திலிருந்து கட்டுநாயக்காவுக்கு அநுராதபுரம், புத்தளம் வழியாகப் போனால் ஏறக்குறைய 290 கிலோமீற்றர். வானில் ஆறு மணித்தியாலம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். நான் சொல்லும் வான் வீதியில் ஓடுவது. பலாலிக்கோ ஏறக்குறைய 105 கிலோமீற்றர்தான். முறிகண்டிப் பிள்ளையாரடியில் இறங்கிக் கற்பூரம் கொளுத்தி, அம்மா கச்சான் வாங்கும் கால் மணித்தியாலத்தையும் சேர்த்தால்கூட இரண்டரை மணித்தியாலத்துக்குள் சேர்ந்துவிடலாம். கிளிநொச்சி, பரந்தன், ஆனையிறவு, பளை, கொடிகாமம் தாண்டியதும் மீசாலையில் வலப்பக்கம் திரும்பி, வண்ணாத்திப் பாலத்தால் புத்தூருக்கு ஏறி, அச்சுவேலிப் பக்கமாகப் போகலாம். யாழ்ப்பாண நகருக்குள் நுழைந்து நெரிசலில் நிற்க வேண்டிய தேவையில்லை. வாடகை வான்காரர் பலர் பழக்கத்தில் நகருக்குள்ளால்தான் விடுவார்கள்; முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

எல்லாவற்றையும் கூட்டினால் இப்படி வரும். பலாலியால் போனால் வீதியில் இரண்டரை மணித்தியாலம், சர்வதேசப் பயணம் என்பதால் மூன்று மணித்தியாலம் முன்னதாக நிற்பது, வானத்தில் ஒன்று, திருச்சியில் குடிவரவு வரிசையும் பெட்டியும் சுங்கமுமாக இன்னும் ஒன்று: மொத்தம் ஏழரை மணித்தியாலம். கட்டுநாயக்காவால் போனால் வீதியில் ஆறு, மற்றவை அதே ஐந்து: மொத்தம் பதினொரு மணித்தியாலம். ஒரு வழிக்கு மூன்றரை மணித்தியாலம் மிச்சம். முழங்கால் நோவுள்ள அம்மாவுக்கு அந்த மூன்றரை மணித்தியாலம் வான் இருக்கையில் மடங்கி இருக்கும் நேரம் என்பதையும் சேர்த்து நினையுங்கள்.

ஆனாலும் பலாலிக்கு ஒரு பலவீனம் உண்டு, அதை மறைத்துச் சொல்லக்கூடாது. கட்டுநாயக்காவில் ஒரு விமானம் தவறினால் சென்னைக்கோ மதுரைக்கோ வேறொன்றைப் பிடித்து, அங்கிருந்து ரயிலில் திருச்சிக்கு வரலாம். பலாலியில் தவறினால் அன்றைய நாள் பெரும்பாலும் போயிற்று. விமானமும் சிறியது, எழுபது எண்பது பேர்தான் ஏறலாம் என்பதால், விடுமுறைக் காலத்திலும் கோயில் திருவிழாக் காலத்திலும் இருக்கைகள் விரைவில் நிரம்பிவிடும். சேவை நாட்களும் நேரமும் பருவத்துக்குப் பருவம் மாறும் தன்மையுடையவை. ஆகவே இந்தப் பதிலில் உள்ள தூரத்தை நம்புங்கள். நேர அட்டவணையைச் சீட்டு எடுக்கும் அன்று புதிதாகப் பாருங்கள்.

நான் பட்ட ஒரு அனுபவத்தையும் சொல்ல வேண்டும். என் அக்காவுக்குக் கண் பார்வை மங்கியபோது திருச்சியில் ஒரு வைத்தியரிடம் காட்டுவதற்கு நேரம் வாங்கினேன். தூரத்தைக் கணக்கிட்டுத் தந்தவன் நான்தான். ஆனால் நேரத்தை மட்டும் ஏதோ ஒரு பக்கத்தில் பார்த்த 44 நிமிடத்தை வைத்துப் போட்டேன். விமானம் புறப்படும் நேரத்திலிருந்து இரண்டு மணித்தியாலம் கழித்து வைத்தியசாலையில் நிற்கலாம் என்று எண்ணினேன். அன்று புறப்பட இருபது நிமிடம் பிந்தியது. இறங்கியபின் குடிவரவு வரிசையில் எங்களுக்கு முன்னால் ஒரு முழுக் குழு நின்றது. அக்காவின் பெட்டி கடைசிச் சில பெட்டிகளில் ஒன்றாக வந்தது. ஓட்டோ பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது பதிவு மூடியாயிற்று, மறுநாள்தான் பார்த்தார்கள். ஒரு இரவு விடுதிச் செலவு பெரிதில்லை. முந்திய இரவிலிருந்து ஒழுங்காகச் சாப்பிடாமல் வந்த அக்கா அந்த வாசல் படியில் உட்கார்ந்துவிட்டதுதான் இன்றும் என் மனதை அறுக்கிறது. அதன்பின் யார் கேட்டாலும், இறங்கும் நாளில் வேறு எந்த அலுவலும் வைக்காதீர்கள் என்று சொல்லிவிடுகிறேன்.

வன்னியின் மற்ற இடங்களில் இருந்து இதை வாசிப்பவர்களுக்கு ஒரு சொல். முல்லைத்தீவில் இருப்பவர்கள் பரந்தன் வீதியால் ஏ9 க்கு ஏறினால் பலாலிதான் வசதி, ஐயமே இல்லை. மன்னாரில் இருப்பவர்களுக்குப் பூநகரியும் சங்குப்பிட்டிப் பாலமும் இருப்பதால் அதே விடைதான். மன்னார் நகரிலிருந்து பலாலி நேர்கோட்டில் 92 கிலோமீற்றர் மட்டுமே. வவுனியாவில் இருப்பவர்களுக்கு வித்தியாசம் சற்றுக் குறைகிறது. பலாலிக்கு வீதியால் ஏறக்குறைய 150 கிலோமீற்றர், கட்டுநாயக்காவுக்கு ஏறக்குறைய 240. நேரத்தில் இரண்டு மணித்தியால மிச்சம் இருக்கிறது. ஆயினும் சீட்டு விலை, கிழமையில் எந்த நாள், தங்கள் கையில் இருக்கும் பெட்டிகளின் நிறை ஆகியவற்றைப் பார்த்து அவர்கள் முடிவெடுக்கலாம். சிறிய விமானத்தில் நிறைக் கட்டுப்பாட்டை இறுக்கமாகப் பார்ப்பார்கள்.

நேர வித்தியாசம் உண்டா என்று நீங்கள் கேட்டதற்கு, இல்லை. இரண்டு நாடுகளும் கிறீன்விச் நேரத்துக்கு ஐந்தரை மணித்தியாலம் முன்னால் இருக்கின்றன. அம்மாவுக்கு இந்தச் சந்தேகம் வந்ததில் வியப்பில்லை. 1996 ஆம் ஆண்டு இலங்கை கடிகாரத்தை முன்தள்ளியது. 2006 ஏப்ரல் 15 அன்றுதான் பழைய நிலைக்குத் திரும்பியது. அந்தப் பத்தாண்டுகளில் வன்னியில் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகள் பழைய நேரத்திலேயே இருந்தன. ஓமந்தைச் சோதனைச் சாவடியைத் தாண்டும்போது மணிக்கூட்டைத் திருப்பிய தலைமுறை அம்மாவுடையது. கடலைக் கடந்தால் திருப்ப வேண்டியதில்லை என்று அவவிடம் சொல்லுங்கள்.

கப்பலால் போகலாமா என்பவர்களுக்காக ஒரு ஒப்பீடு. நாகப்பட்டினம் – காங்கேசன்துறைக் கப்பல் சேவை 2023 ஒக்டோபர் 14 அன்று தொடங்கி, இடையில் நின்று, 2024 ஓகஸ்டில் மீண்டும் ஆரம்பித்தது. கடல்வழித் தூரம் ஏறக்குறைய 110 கிலோமீற்றர், அதாவது 60 கடல்மைல். பயணம் ஏறக்குறைய நான்கு மணித்தியாலம். அங்கிருந்து திருச்சிக்குப் பஸ்ஸிலோ ரயிலிலோ இன்னும் சில மணித்தியாலம். பொதி கூட உள்ளவர்களுக்கு அது நல்ல வழி. முழங்கால் நோவுள்ளவருக்கு நான் சொல்லமாட்டேன். வாடைக் காலத்தில் கடல் கொந்தளித்தால் சேவையே நின்றுவிடும்.

இந்த வழி புதிதுமன்று. எயார் சிலோன் நிறுவனத்தின் முதல் பயணம் 1947 டிசெம்பர் 10 அன்று இரத்மலானையிலிருந்து புறப்பட்டு, காங்கேசன்துறை என்று அப்போது அழைக்கப்பட்ட இதே பலாலியில் இறங்கி, மதராசுக்குப் போனது. விமானம் டக்கோட்டா. அதன் வேகத்தை மணிக்கு 270 கிலோமீற்றர் என்று கொண்டால், பலாலியிலிருந்து சென்னைக்கு 354 கிலோமீற்றரைக் கடக்க 79 நிமிடம் வரும். நீண்ட இடைவெளியின் பின் 2019 ஒக்டோபர் 17 அன்று பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. அலையன்ஸ் எயார் நிறுவனம் சென்னையிலிருந்து பறந்தது; பெருந்தொற்றினால் 2020 இல் நின்ற சேவை 2022 டிசெம்பரில் மீண்டது. 2024 செப்டெம்பரில் இன்டிகோ சென்னையிலிருந்தும், மறு ஆண்டு திருச்சியிலிருந்தும் பறக்கத் தொடங்கியது. என் தகப்பனார் காலத்தில் சென்னைக்குப் போய்ப் படம் பார்த்துவிட்டு வந்தவர்களைப் பற்றி ஊரில் கதைப்பார்கள். இடையில் எங்கள் தலைமுறை அந்தக் கடலை எப்படிக் கடந்தது என்பதை உங்கள் பெரியம்மாவிடம் கேட்டால் அவ சொல்லுவா.

கடைசியாக, இருக்கை பற்றி. ஏ.ரி.ஆர். விமானத்தில் பயணிகளின் கதவு பின்பக்கத்தில், வால் அருகே, இடப்புறத்தில் இருக்கிறது; முன்பக்கக் கதவு பொதிகளுக்கானது. பெரிய விமானங்களில் முன்வரிசையைக் கேட்டு வாங்குவது போல இதில் வாங்கினால், அம்மா ஒடுங்கிய நடைபாதையில் விமானத்தின் முழு நீளத்துக்கும் நடக்க வேண்டிவரும். கடைசி மூன்று நான்கு வரிசைக்குள் கேளுங்கள். படிகள் சிலதான், ஆனால் கைப்பிடி ஒடுக்கம். சக்கர நாற்காலி வேண்டுமென்றால் சீட்டு எடுக்கும்போதே பதிந்துவிடுங்கள், அங்கே போய்க் கேட்காதீர்கள். காற்றாடி இறக்கைக்கு முன்னால் சுழலும். அதன் இரைச்சல் அதற்கு நேரான வரிசைகளில்தான் அதிகம், பின்னால் குறைவு. போகும்போது யாழ்ப்பாணத்தைவிட்டு வடமேற்காகப் போவீர்கள். வலப்பக்க யன்னலில் இருந்தால், வானம் தெளிந்திருக்கும் நாளில், தமிழ்நாட்டுக் கரை கோடியக்கரைப் பக்கமிருந்து வளைந்து வருவது தெரியும். திருச்சி விமான நிலையத்திலிருந்து கொட்டப்பட்டு மிக அருகில்தான். ஓட்டோவில் சில நிமிடம். பெரியம்மாவை விமான நிலையத்துக்கு வந்து காத்திருக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். பெட்டி கைக்கு வந்ததும் அழைப்பு எடுத்தால், அவ தேநீர் வைக்கும் நேரத்துக்குள் நீங்கள் வாசலில் நிற்பீர்கள்.